கணையம் பிறந்த அன்றே தயாராகிவிடுவதில்லை

"டீச்சர், பாட்டிக்கு இனிப்பு நீர், அப்பாவுக்கும் இனிப்பு நீர். எனக்கும் கண்டிப்பாக வருமா?" படிவம் 4-இல் இரத்தக் குளுக்கோஸ் பாடம் நடத்தும்போதெல்லாம் யாராவது இதைக் கேட்டுவிடுகிறார்கள். உடனே பின்வரிசையிலிருந்து, "அது பரம்பரை, ஒன்றும் செய்ய முடியாது" என்று ஒரு குரல். "வாயைக் கட்டாததால் வந்தது" என்று இன்னொரு குரல். இரண்டையும் நான் ஏற்பதில்லை. ஏன் என்பதற்கு ஆய்வுக்கூட எலியிடம் போக வேண்டும்.

பாடநூல் படத்தில் கணையம் வளர்ந்து முடிந்த உறுப்பாக இருக்கும். எலிக்குட்டியின் கணையம் அப்படியில்லை. ஏறக்குறைய மூன்று வாரம் தாய் வயிற்றில் இருந்து குட்டி பிறக்கும்போது, இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் இருக்கின்றன. ஆனால் குளுக்கோஸ் ஏறுவதை உணர்ந்து அளவாகச் சுரக்க அவற்றுக்கு இன்னும் தெரியாது. குட்டி குடிப்பது கொழுப்பு மிகுந்த பால் என்பதால் அப்போது அந்தத் திறமைக்குப் பெரிய தேவையும் இல்லை. இரண்டாவது வாரத்தையொட்டி பீட்டா செல்களில் ஒரு பகுதி தாமாகவே மடிய, புதியவை உருவாகின்றன. மூன்றாவது வாரவாக்கில் குட்டி பாலை விட்டு மாவுச்சத்துள்ள தீனிக்கு மாறும். அந்தச் சமயத்தில்தான் பீட்டா செல்களும் முதிர்கின்றன.

இந்தக் காலத்து உணவு குறைந்தால் என்ன ஆகும்? கர்ப்பிணி எலிக்குப் புரதம் குறைந்த தீனி கொடுத்தபோது, குட்டிகள் குறைவான பீட்டா செல்களோடு பிறந்தன. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் இடம்பெற்ற குழு 2015-இல் வெளியிட்ட ஆய்வில், 50 தலைமுறையாக அரைவயிற்றில் வளர்ந்த எலிகள், பீட்டா செல்லை அழிக்கும் மருந்தால் நீரிழிவுக்கு ஆளாகும் வாய்ப்பு 8 மடங்கு கூடியிருந்தது. இரண்டு தலைமுறைக்கு வயிறார உணவு கொடுத்தும் அவை பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

எலியை வைத்து மனிதனைத் தீர்மானிக்க முடியாதுதான். ஆனால் நம்மிலும் பீட்டா செல்கள் வேகமாகப் பெருகுவது பிறந்த முதல் சில ஆண்டுகளில்தான். மலேசியாவில் 2023 கணக்கெடுப்பின்படி பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே விகிதம் இன்னும் அதிகம். உணவு, உடலுழைப்பு, மரபணு எல்லாம் இதில் சேரும். தோட்டத்தில் அரைவயிற்றோடு பால் வெட்டிக்கொண்டே பிள்ளை பெற்ற நம் பாட்டிகளின் பசிக்கும் இதில் பங்கிருக்கலாம் என்பது என் எண்ணம். அதற்காக அவர்களைக் குறை சொல்லிவிடாதீர்கள். கூலியை நிர்ணயித்தது அவர்கள் இல்லை.

ஆகவே அந்த மாணவருக்கு என் பதில்: கண்டிப்பாக வரும் என்று யாரும் சொல்ல முடியாது; வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். பள்ளி விட்டதும் பாக்கெட்டில் வாங்கும் சிராப் பண்டோங்கை நீங்கள் குறைக்கச் சொல்வதும் அதனால்தான். அடுத்த முறை பாட்டி கிளினிக்கில் இரத்தம் சோதிக்கப் போகும்போது கூடப் போங்கள். காத்திருக்கும் நேரத்தில், அவர் சிறுமியாக இருந்தபோது வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.