வாய் தவறியும் வரக்கூடாத சொல்

2024 ஜூலையில், விக்கிரவாண்டி இடைத்தேர்தல் பிரச்சாரத்தில் பாடிய பாட்டுக்காக சாட்டை துரைமுருகன் கைதானார். அதே பாட்டைச் செய்தியாளர்கள் முன் பாடிக்காட்டி, முடிந்தால் தன்னையும் கைது செய்யச் சொன்னார் சீமான். பாட்டில் இருந்த 'சண்டாளன்' என்ற சொல்லுக்குக் கண்டனம் எழுந்தது. அது பட்டியல் சாதி ஒன்றின் பெயர். வசையாகப் பயன்படுத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி நடவடிக்கை என்று மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் எச்சரித்தது.

நம் வீடுகளில் பிள்ளைகளைத் திட்டும்போது இச்சொல் வருவதில்லையா? தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட வேங்கைவயல், நம் புதுக்கோட்டை மாவட்டத்தில்தான் இருக்கிறது.

ஒருவரின் தாயைச் சொல்லி ஏசிய அபூதர் (ரலி) அவர்களிடம், அறியாமைக் காலத்துக் குணம் இன்னும் இருப்பதாக நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். பின்னர் அபூதர் (ரலி) தாம் உடுத்தியது போன்ற ஆடையையே தம் பணியாளருக்கும் உடுத்தினார். தெரியாமல் சொன்னோம் என்ற சாக்கு இனி நமக்கு வேண்டாம்.