பழியைப் பத்திரிகை மேல் போடாதீர்கள்

நீதிபதி பதவிக்கு ஒருவர் பெயர் போகிறது. அவர் முன்பு பேசியதையும் எழுதியதையும் பத்திரிகைகள் தேடி எடுத்து வெளியிடுகின்றன. உடனே, "ஊடகங்கள் திட்டம்போட்டுப் பெயரைக் கெடுக்கின்றன" என்ற பேச்சு கிளம்பிவிடுகிறது. கட்சிக்காரர்கள் இதைச் சொன்னால் அது அவர்கள் பிழைப்பு என்று விட்டுவிடலாம். சட்டம் படித்தவர்களும் இதையே நம்பிக்கொண்டிருப்பதைத்தான் சகிக்க முடியவில்லை.

2023இல் நடந்ததையே பார்ப்போம். ஜனவரி 17 அன்று, வழக்கறிஞர் விக்டோரியா கௌரியைச் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக நியமிக்க உச்ச நீதிமன்றக் கொலீஜியம், அதாவது நீதிபதிகளைப் பரிந்துரைக்கும் மூத்த நீதிபதிகள் குழு, பரிந்துரைத்தது. அவர் மதுரைக் கிளையில் மத்திய அரசுக்காக வாதாடியவர், பாஜக மகளிர் அணியில் பொறுப்பு வகித்தவர். கிறிஸ்தவர்களையும் இஸ்லாமியர்களையும் பற்றி அவர் யூடியூப் பேட்டிகளில் சொன்னவையும், 2012இல் ஆர்கனைசர் இதழில் மதமாற்றம் குறித்து அவர் எழுதிய கட்டுரையும் செய்தியாயின. சென்னை வழக்கறிஞர்கள் சிலர் குடியரசுத் தலைவருக்கும் கொலீஜியத்துக்கும் கடிதம் எழுதினார்கள். அவரை ஆதரித்து மதுரை வழக்கறிஞர்கள் எழுதிய கடிதமும் செய்தியாக வந்தது.

இதில் பக்கச்சார்பு எங்கே இருக்கிறது? கேமரா முன்னால் உட்கார்ந்து அவர் வாயாலேயே சொன்னது அது. யாரும் ஒட்டுக்கேட்டு எழுதவில்லை. திரித்துவிட்டார்கள் என்பவர்கள், எந்த வரி எப்படித் திரிந்தது என்று காட்டட்டும். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பரிந்துரை செய்த பிறகு சில விஷயங்கள் கொலீஜியத்தின் கவனத்துக்கு வந்தன என்று பிப்ரவரி 6 அன்று திறந்த நீதிமன்றத்தில் சொன்னவர் அன்றைய தலைமை நீதிபதி சந்திரசூட். மறுநாள், நியமனத்தை எதிர்த்த வழக்கை விசாரித்த அமர்வோ, கொலீஜியத்துக்கு இதெல்லாம் தெரியாது என்று எப்படி எடுத்துக்கொள்ள முடியும் என்று கேட்டது. இரண்டில் எது சரியானாலும், நமக்கு, அதாவது நாளை அந்த நீதிமன்றத்தின் படியேறப் போகிறவர்களுக்கு, இதைச் சொன்னது பத்திரிகைதான்.

அந்த மறுநாள் பிப்ரவரி 7. டெல்லியில் நீதிபதிகள் சஞ்சீவ் கன்னா, பி.ஆர். கவாய் அமர்வில் அந்த வழக்கு விசாரணையில் இருக்கும்போதே, சென்னையில் கௌரி பதவியேற்றுக்கொண்டார். மனு தள்ளுபடி ஆனது. தகுதி இருக்கிறதா என்று நீதிமன்றம் பார்க்கலாம், பொருத்தமானவரா என்று பார்க்க முடியாது என்பது அமர்வின் நிலைப்பாடு. சரி, பொருத்தத்தைப் பார்க்க வேண்டிய கொலீஜியம் கதவைச் சாத்திக்கொண்டு பார்க்கிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழியப்படுபவர் செனட் குழுவின் முன் நாள் கணக்கில் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். அந்த முறையிலும் கூத்துக்குக் குறைவில்லை. ஆனால் "நான் சொன்னதன் பொருள் இது" என்று விளக்க அவருக்கு ஓர் இடமாவது இருக்கிறது. இங்கே கௌரிக்கு அந்த வாய்ப்பும் இல்லை. அவருக்கு நடந்த அநியாயம் என்று ஏதாவது இருந்தால் அது இதுதான். அதைச் செய்தது செய்தியாளர் அல்ல.

பத்திரிகைகள் மேல் எனக்கும் கோபம் உண்டு, வேறு காரணங்களுக்காக. கட்சிக்காரர் நீதிபதி ஆகலாமா என்று கேட்டு விவாதத்தை மடைமாற்றிய தொலைக்காட்சிகளை என்ன சொல்வது? தாராளமாக ஆகலாம். வி.ஆர். கிருஷ்ணய்யர் 1957 கேரளக் கம்யூனிஸ்ட் அமைச்சரவையில் இருந்தவர். 1973இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். நம் முன்னாள் நீதிபதி கே. சந்துரு மார்க்சிஸ்ட் கட்சியில் இருந்தவர். காங்கிரஸ் எம்.பி.யாக இருந்து நீதிபதியான பஹருல் இஸ்லாம், 1983இல் உச்ச நீதிமன்றப் பதவியை உதறிவிட்டு மறுபடி காங்கிரஸ் வேட்பாளராகக் கிளம்பினார். கட்சி அட்டையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஒரு மதத்தாரைப் பற்றி ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டவர் முன் அந்த மதத்தார் வழக்கோடு போய் நிற்க முடியுமா என்பதே எதிர்த்தவர்கள் கேட்ட கேள்வி. பல சேனல்களில் அது காதில் விழவே இல்லை.

அதைவிடப் பெரிய குற்றம் ஒன்று இருக்கிறது. அதே ஜனவரி 17 அன்று கொலீஜியம் இன்னொரு பெயரையும் அனுப்பியது: ஆர். ஜான் சத்யன். 2022 பிப்ரவரியிலேயே பரிந்துரைக்கப்பட்டவர். உளவுத்துறை அறிக்கை அவரைப் பற்றிச் சொன்னதைக் கொலீஜியமே தன் தீர்மானத்தில் வெளியிட்டது. பிரதமரை விமர்சித்து தி குயின்ட் தளத்தில் வந்த ஒரு கட்டுரையைப் பகிர்ந்தாராம். நீட் தேர்வால் மருத்துவப் படிப்பு கிடைக்காமல் 2017இல் உயிரை மாய்த்துக்கொண்ட மாணவியைப் பற்றி ஒரு பதிவு போட்டாராம். அவ்வளவுதான். நல்ல பெயர் உள்ளவர், வெளிப்படையான அரசியல் சார்பு இல்லாதவர், நேர்மையில் குறையில்லை என்றும் அதே அறிக்கை சொல்கிறது. இவை அவரது பொருத்தத்தைப் பாதிக்காது என்று கொலீஜியம் பரிந்துரையை மறுபடி வலியுறுத்தியது. அன்றைக்குப் பரிந்துரைத்த வேறு சிலருக்கு முன்பாக இவரை நியமிக்க வேண்டும் என்றும் எழுதியது.

பிப்ரவரி 6 அன்று மத்திய அரசின் அறிவிப்பு வந்தது. கௌரியின் பெயர் இருந்தது. சத்யனின் பெயர் இல்லை. மார்ச் 21 அன்று, வலியுறுத்திய பெயர்களை நிறுத்தி வைப்பதால் பணிமூப்பு குலைகிறது என்று கொலீஜியமே கவலை தெரிவித்தது. தன் தீர்மானத்துக்கு என்ன மரியாதை என்று அது கேட்காமல் கேட்ட கேள்வி அது. பத்திரிகைகள் ஒரு வாரம் எழுதின. பிறகு எங்கோ ஒரு பெட்டிச் செய்தி. கட்டுரையைப் பகிர்ந்ததற்கு ஒருவரின் பதவி நிற்கிறது, பேட்டி கொடுத்தவருக்குப் பதவி வருகிறது. இந்த இரண்டையும் அடுத்தடுத்த பத்தியில் வைத்து மாதக்கணக்கில் கேட்டிருக்க வேண்டாமா? உளவுத்துறைக் குறிப்பை வெளியிடலாமா என்று அன்றைய சட்ட அமைச்சர் கிரண் ரிஜிஜு ஆட்சேபித்ததற்குக் கிடைத்த தலைப்புகள், அந்தக் குறிப்பில் இருந்த விஷயத்துக்குக் கிடைக்கவில்லை என்றே எனக்குப் படுகிறது.

பக்கச்சார்பைத் தேடுகிறவர்கள் இங்கே தேடலாம். வெளிவந்த செய்திமேல் பாய்வது சுலபம். அது கண்ணெதிரே இருக்கிறது. வராமல் போன செய்திக்காக எந்தச் சங்கமும் கண்டனத் தீர்மானம் போடுவதில்லை.

செய்தி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். கொலீஜியம் தன் தீர்மானங்களை 2017 அக்டோபர் முதல் இணையத்தில் போடுகிறது. பரிந்துரைக்கப்பட்டு நியமனம் ஆகாதவர்களின் பெயர்களை அதிலிருந்து எடுத்து, எத்தனை நாளாகக் கோப்பு கிடக்கிறது என்ற கணக்கோடு மாதம் ஒருமுறை முதல் பக்கத்தில் போடுங்கள்.