கறை சொல்லும் சாட்சி

மாரி ஓய்ந்ததும் மன்னார்ப் பக்கத்தில் எழும் வாடகைப் பிணக்குகளில் வாக்குவாதம் பெரும்பாலும் ஒன்றுதான். யன்னலைப் பூட்டிக்கொண்டு உள்ளே உடுப்புக் காயப்போட்டால் பூஞ்சணம் பிடிக்காமல் என்ன செய்யும் என்பார் வீட்டுக்காரர். பிளேற் ஒழுகுவதை மூன்று தரம் சொல்லியாயிற்று என்பார் குடியிருப்பவர். சட்டத்தரணிகளும் மத்தியஸ்தர்களுமான நாம் உடனே உடன்படிக்கையைக் கேட்கிறோம். மாத வாடகை என்றால் அநேகமாக வாய்ப்பேச்சுத்தான்; எழுத்தில் இருந்தாலும் ‘சிறு திருத்தங்கள் குடியிருப்பவருடையவை’ என்ற வரியைத் தாண்டாது. எது சிறிது, எது பெரிது? ஈரம் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் அதற்கு விடையில்லை.

சுவரைப் பார்த்தால் பாதி விளங்கிவிடும். அலுமாரிக்குப் பின்னாலும் அறை மூலையிலும் கறுப்புப் புள்ளிகளாய்ப் பரவி, துடைத்தால் போய்ப் பின் திரும்பி வருவது பெரும்பாலும் காற்றோட்டக் குறை. பிளேற்றின் அடியில் பழுப்பு வளையமாய் நின்று, மழைக்கு மழை விளிம்பு ஒரு விரற்கடை தள்ளிப் போனால் நீர் மேலிருந்து இறங்குகிறது. தரையிலிருந்து முழங்கால் உயரம்வரை பெயின்ற் பொருக்காய் உதிர்ந்து உள்ளே வெள்ளையாய் உப்புப் பூத்திருந்தால் அது நிலத்து ஈரம். மன்னார்த் தீவிலே உவர்மணலும் உவர்நீரும் கலந்து குழைத்த சாந்து, மழையில்லாத நாளிலும் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கட்டுக்கரைக் குளத்தின் கீழே, முருங்கன் பக்கம், கதை வேறு. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்கு ஒரு காலம் ஏற்றிப்போன அந்தக் களிமண் மாரியில் பொருமும், கோடையில் வெடிக்கும். அத்திவாரம் அசைந்து சுவர் கீறல் விட, அடுத்த மழை அதன் வழியே உள்ளே வரும். எந்த யன்னலைத் திறந்து இதை நிறுத்துவது?

வேறு உடன்பாடு இல்லாவிட்டால், விட்ட தேவைக்கு ஏற்ற நிலையில் வீட்டை வைத்திருப்பது உரிமையாளர் கடமை என்பதே எமது றோமன்-டச்சுச் சட்டத்தின் நிலை. அதிலிருந்து ஒரு படி மேலே போகலாம் என்பது எம் வாதம்: காரணத்தைக் கண்டுபிடிக்கும் பொறுப்பும் முதலில் அவருடையதே. கூரையில் மேசனை ஏற்றவும் சாந்தைக் கொத்திப் பார்க்கவும் அதிகாரம் அவருக்குத்தான் உண்டு. வரும் வாடகைக்கு இந்தச் செலவு கட்டாது என்பார்கள். ஆனால் ஒழுக்கை விட்டால் கம்பி துருவேறிக் கொங்கிறீற் பிளக்கும். நட்டம் அவர் சொத்துக்கே. பூஞ்சணத்தைச் சாட்டி வாடகை கொடாமல் இருந்துவிடுவார்கள் என்ற மறுப்பைத்தான் இலேசில் தள்ள முடியாது. குடியிருப்பவர் அறிவித்தல் கொடுத்து, நியாயமான காலம் பொறுத்து, அவசியமான வேலையை மட்டும் செய்வித்து, பில்லைக் காட்டி வாடகையில் கழிப்பது ஒன்று. வாடகையை அடியோடு நிறுத்துவது வேறு. 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் குத்தகைக்கு விட்ட இடத்தை மீட்க உரிமையாளருக்குச் சுருக்கு வழி திறந்திருக்கையில், பின்னதைச் செய்யும்படி கட்சிக்காரருக்குச் சொல்வது ஆபத்தான ஆலோசனை. திருத்தத்துக்கு அப்படியொரு சுருக்கு வழி அந்தச் சட்டத்தில் இல்லை.

இங்கிலாந்தின் றொச்டேலில் 2020இல் பூஞ்சண வீட்டில் வாழ்ந்த இரண்டு வயதுக் குழந்தை இறந்தபோது, வீட்டு நிறுவனமும் முதலில் குடும்பத்தின் ‘வாழ்க்கை முறையை’யே குறைசொல்லியிருந்தது. 2022இல் மரண விசாரணை அதை ஏற்கவில்லை. அந்தக் குழந்தையின் பேரால் வந்த சட்டம், 2025 ஒக்டோபர் முதல், சமூக வீட்டு உரிமையாளர்கள் அபாயமான ஈரத்தைக் குறித்த நாட்களுக்குள் பரிசோதிக்கக் கட்டளையிடுகிறது. அவ்வளவு தூரம் போக எமக்கு வேளை வரவில்லை. ஆனால் உரிமையாளர் கனடாவில், அற்றோணித் தத்துவம் வைத்திருக்கும் உறவினர் இங்கே என்ற வழக்கமான ஏற்பாட்டில், அந்த உறவினருக்குத் திகதியோடு அனுப்பிய கறைப் படத்தை உரிமையாளருக்கே கொடுத்த அறிவித்தலாக மத்தியஸ்த சபைகள் இப்போதே எடுத்துக்கொள்ளலாம்.