நனைந்த நூல் காட்டும் வழி

பாவுக்குக் கஞ்சி போடும் நெசவாளர், இழையோடு இழை ஒட்டிவிடாமல் பிரிப்பதிலேயே கருத்தைச் செலுத்துவர். ஈர நூல் ஒட்டிக்கொள்வது அவர்களுக்கு ஓர் இடையூறு. அவ்வியல்பையே துணையாகக் கொண்டு, பாதைகள் அமையும் விதத்தை ஆராய்ந்தார் ஜெர்மானியக் கட்டடக்கலை அறிஞர் பிரை ஓட்டோ (1925–2015). 1972ஆம் ஆண்டு ம்யூனிக் ஒலிம்பிக் விளையாட்டரங்கின் கூடாரக் கூரையை உருவாக்கியவர்களுள் அவரும் ஒருவர். ஸ்டட்கார்ட் நகரில் 1964இல் அவர் நிறுவிய ஆராய்ச்சி நிலையத்தில் இப்பரிசோதனை நடைபெற்றது.

ஒரு வளையத்தின் விளிம்பில் பல புள்ளிகள் குறிக்கப்பட்டன. அவற்றை ஊர்கள் என்று கொள்வோம். ஒவ்வோர் ஊரிலிருந்தும் மற்ற ஊர்களுக்குக் கம்பளி நூல் சற்றுத் தளர்வாகக் கட்டப்பட்டது. வளையத்தை நீரில் அமிழ்த்தி எடுத்ததும், நீரின் பரப்பு இழுவிசையால் அருகருகேயிருந்த நூல்கள் ஒன்றுகூடின. தனித்தனி வழிகள் பல சேர்ந்து பொதுவழிகள் சில தோன்றின.

இதன் பயனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு கிலோமீட்டர் பக்கமுள்ள சதுரத்தின் நான்கு மூலைகளிலும் நான்கு ஊர்கள் உள்ளன. ஒவ்வோர் ஊருக்கும் மற்ற மூன்று ஊர்களுக்கும் நேர்ச்சாலை போட்டால் மொத்தம் 6.83 கிலோமீட்டர் ஆகும். எல்லா ஊர்களையும் இணைக்கும் மிகக் குறுகிய அமைப்பிற்கோ 2.73 கிலோமீட்டரே போதும். செலவு பாதிக்கும் கீழே குறைகிறது. ஆனால் சிக்கனம் என்ற சொல்லோடு நாம் மனநிறைவு அடைந்துவிடலாகாது. அந்த அமைப்பில் மேற்கிலுள்ள இரண்டு ஊர்களுக்கிடையே தூரம் 1.15 கிலோமீட்டர், வடக்கிலுள்ள இரண்டு ஊர்களுக்கிடையே 1.58 கிலோமீட்டர். படத்தைக் கால் சுற்றுத் திருப்பினால் மொத்த நீளம் அதுவே. பாரம் சுமப்பவர் மட்டும் மாறுவர். கணிதத்திற்கு இரண்டும் ஒன்றே. நடப்பவருக்கு ஒன்றல்ல.

இவ்விடத்தில்தான் நூலின் சிறப்பு விளங்கும். நூற்றுக்குப் பத்துப் பங்கு தளர்வு விட்டால், ஒரு கிலோமீட்டர் நேர்வழி உள்ளவர் 1.1 கிலோமீட்டருக்கு மேல் நடக்க நேராது. நூல் அதற்குமேல் எட்டாது. தளர்வே இல்லையெனில் பொதுவழி பிறவாது. தளர்வு மிகுந்தால் பாதையின் மொத்த நீளம் குறையும். தனி மனிதர் சுற்று கூடும். பொதுநலத்திற்காக ஒவ்வொருவரும் விட்டுக்கொடுக்கும் அளவும், அதற்கு மேற்படாத எல்லையும் ஆகிய இரண்டையும் தளர்வு ஒருங்கே குறிக்கின்றது.

இன்று இப்பரிசோதனை கணிப்பொறியிலும் செய்யப்படுகிறது. ரைனோ என்னும் வரைகலை மென்பொருளில் இயங்கும் கிராஸ்ஹாப்பர், கங்காரு ஆகிய கருவிகளைக் கொண்டு, ஒரு நூலைப் பல புள்ளிகளாகப் பகுத்து, அவற்றை விற்சுருள்களால் இணைத்து, அண்மையிலுள்ள புள்ளிகள் ஒன்றையொன்று ஈர்க்குமாறு விதிக்கின்றனர். எல்லாம் ஓய்வுநிலையை அடையும்வரை கணக்கு ஓடுகிறது. இஸ்தான்புல் நகரின் கார்த்தால்–பெண்டிக் பகுதிக்கு ஜஹா ஹதித் நிறுவனம் 2006இல் வகுத்த தெருத்திட்டமும் இந்நூல் முறையைத் தழுவியதே.

கணிப்பொறி நூலுக்கும் உண்மை நூலுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. விற்சுருளின் விறைப்பைக் குறைத்துவிட்டால் அது நீளும். அப்போது சுற்றுக்கு இட்ட எல்லை ஓசையின்றி மீறப்படும்; வரைபடம் மட்டும் அழகாகவே தோன்றும்.

ஆகவே, சரக்கு வண்டிச் சுற்றாயினும் வயற்பாதையாயினும், கணிப்பொறி வகுத்தது என்று ஒரு திட்டம் சங்கத்தின் முன் வைக்கப்படுமாயின், அங்கத்தினர்கள் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும் என்பது என் துணிபு. எவ்வளவு தளர்வு விடப்பட்டது? அந்த எல்லை இறுதிவரை காக்கப்பட்டதா? மிகுந்த சுற்று யாருடைய தலையில் விழுந்தது? இவற்றுக்கு எண்களில் விடை கிடைக்கும்வரை தீர்மானத்தை நிறைவேற்றலாகாது. தளர்வை நிர்ணயித்தபின் வழியைக் கணக்கிடுவது கருவியின் வேலை. தளர்வை நிர்ணயிக்கும் உரிமை பொதுக்குழுவுக்கே உரியது. அவ்வுரிமையைக் கேளாமலே கைவிடும் சங்கம், தன் அங்கத்தினர் நடக்க வேண்டிய தூரத்தைப் பிறர் முடிவு செய்ய விட்டுவிடுகிறது.