பானெட்டைத் திறக்கப் பயப்படும் பட்டதாரிகளுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. கொஞ்சம் திட்டவும் போகிறேன். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

"மெக்கானிக் ஏமாத்திட்டான் சார்" என்று மாதம் ஒருவராவது என்னிடம் புலம்புகிறீர்கள். வண்டியை விடும்போது அவரிடம் என்ன சொன்னீர்கள்? "ஏதோ பிராப்ளம், பாத்துடுங்க." தொகை எழுதாத செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதும் இதுவும் ஒன்றுதான். டாக்டரிடம் போனால் எங்கே வலி, எப்போதிலிருந்து என்று சொல்கிறோம். லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய காருக்கு அதைச் சொல்ல ஏன் வாய் வருவதில்லை?

போன மாதம் நம் உறவுக்காரப் பெண்ணின் கார் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை. 'டிக் டிக்' என்று சத்தம் மட்டும். சர்வீஸ் சென்டரில் போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்: பேட்டரி போச்சு, மாற்றணும். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன், 12.6 வோல்ட். நல்ல சார்ஜ். ஆனால் டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. நெகட்டிவ் வயரை முதலில் கழற்றி, ஆப்ப சோடா கலந்த வெந்நீரால் தேய்த்துத் துடைத்து, காய்ந்தபின் இறுக்கினோம். ஒரே சாவித் திருகலில் ஸ்டார்ட் ஆனது.

இதில் மந்திரம் இல்லை. நான் உங்களுக்கு நடத்திய ஓம் விதிதான். ஸ்டார்ட்டர் மோட்டார் 100 ஆம்பியர் இழுக்கும்போது, பூத்த இடத்தில் 0.05 ஓம் தடை இருந்தால் போதும், 5 வோல்ட் அங்கேயே விழுந்துவிடும். மிச்சத்தை வைத்துக்கொண்டு மோட்டார் எப்படிச் சுற்றும்? இந்தக் கணக்கைப் போட்டு முழு மார்க் வாங்கியவர்கள்தானே நீங்கள்? பரீட்சை முடிந்ததும் ஓம் விதியும் ரிட்டயர் ஆகிவிட்டதா?

"இப்ப எல்லாம் கம்ப்யூட்டர் வண்டி சார், நாம தொடக்கூடாது" என்பீர்கள். கம்ப்யூட்டர் வந்ததால்தான் வேலை சுலபம். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி போர்ட்டில் ஒரு புளூடூத் ரீடரைச் செருகினால், செக் என்ஜின் லைட் ஏன் எரிகிறது என்று உங்கள் செல்போனே காட்டும். பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர். ஆனால் கோடு நோயின் அறிகுறிதான், மாற்ற வேண்டிய பாகத்தின் பெயர் அல்ல. பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா? ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில் உள்ள பெட்ரோல் வண்டி என்றால், என்ஜின் ஆறியபின் முதல் காயிலையும் இரண்டாவதையும் இடம் மாற்றிப் போடுங்கள். கோடு பி0302 ஆக மாறினால் குற்றவாளி காயில்தான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார் என்று லேபில் தொண்டை வறளச் சொன்னது இதைத்தான்.

இன்னும் சில. என்ஜின் ஓடும்போது பேட்டரியில் பெரும்பாலும் 13.5 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். 12-லேயே நின்றால் ஆல்டர்நேட்டர் பக்கம் பாருங்கள். ஏசி காற்று குறைந்தால் கேஸ் நிரப்ப ஓடாதீர்கள், முதலில் கேபின் ஃபில்டரைப் பாருங்கள். பல கார்களில் க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். ஏசி போட்ட வண்டிக்கு அடியில் சொட்டுவது நிறமும் வாசனையும் இல்லாத தண்ணீர் என்றால் பயம் வேண்டாம். வழவழப்பாக, நிறத்தோடு இருந்தால் உடனே கவனியுங்கள்.

அதற்காக எல்லாவற்றிலும் கை வைக்கச் சொல்லவில்லை. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. அழுத்தத்தில் இருக்கும் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும், திறந்தால் முகத்தில் பீறிட்டு அடிக்கும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது. பிரேக், ஏர்பேக், ஹைபிரிட் வண்டியின் ஆரஞ்சு நிற வயர் மூன்றும் தெரிந்தவர் வேலை. ஆனால் என்ன கோளாறு என்று விசாரிப்பது நம் வேலை. நல்ல மெக்கானிக் கேள்வி கேட்பவரைக் கண்டு கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் வேறு மெக்கானிக்கைப் பாருங்கள்.

அப்பாக்களுக்குத் தனியாக ஒன்று. மகளுக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தீர்கள், சந்தோஷம். பானெட் லீவர் எங்கே என்று காட்டினீர்களா? ராத்திரி பைபாஸில் வண்டி நின்றால் அவளுக்கு உதவப்போவது அந்த அறிவுதான்.

வீட்டுப்பாடம்: ஞாயிறு காலை வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, என்ஜின் ஆறியபின் டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, ஆயில் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று கமெண்டில் எழுதுங்கள். டிரைவர் எழுதிக் கொடுத்தால் மார்க் கிடையாது.

அன்புடன்,
உங்கள் பிசிக்ஸ் வாத்தியார்