கொட்டிவிட்டு வாங்குகிறோம்

தெருவில் குப்பை கொட்டுகிறவனை நாம் ஏசுகிறோம். கண்ட இடத்தில் எச்சில் துப்புகிறவனுக்கு அபராதம் போட வேண்டும் என்கிறோம். ஆனால் நம் படுக்கையறை உஷ்ணத்தை வாரி அடுத்த வீட்டு ஜன்னலில் கொட்டுகிற காரியத்தை மட்டும் அந்தஸ்து என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். கொட்டுவதோடாவது நிற்கிறோமா? இல்லை. விடிந்ததும் குளியலறைக்குப் போய், ராத்திரி முழுவதும் கொட்டித் தீர்த்த அதே சரக்கைக் காசு கொடுத்து மறுபடியும் வாங்குகிறோம். ஒரு மளிகைக் கடைக்காரர் இப்படி வியாபாரம் செய்தால் ஆறு மாதத்தில் கடையை மூடிவிடுவார். நாம் செய்தால் அதற்குப் பெயர் 'சகல வசதிகளும் கொண்ட வீடு'.

கதை எழுதுகிறவனுக்கு ஏர்கண்டிஷனரைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். வீட்டுக்குள் மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. யார் குளிர்ந்த அறையில் படுத்திருக்கிறார்கள், யார் அடுப்படியில் வேர்த்து வழிகிறார்கள் என்பதைக் காட்டிலும் கதைக்காரனுக்கு வேறு என்ன விஷயம் வேண்டும்?

முதலில் ஒரு மூடநம்பிக்கையைத் தீர்த்துவிடலாம். ஏர்கண்டிஷனர் குளிரை உற்பத்தி செய்வதில்லை. குளிர் என்று ஒரு சரக்கே உலகத்தில் கிடையாது. இருப்பது உஷ்ணம் ஒன்றுதான். தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுகிற மாதிரி, உஷ்ணமும் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான் தானாகப் போகும். அதைப் பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏற்ற வேண்டுமானால் ஏற்றம் கட்டி இறைக்க வேண்டும். ஏர்கண்டிஷனர் அப்படிப்பட்ட ஒரு ஏற்றம். ஊசி போடுமுன் டாக்டர் தடவுகிற ஸ்பிரிட், ஆவியாகும்போது கையின் உஷ்ணத்தை எடுத்துக்கொண்டு போகிறதல்லவா? சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுகிறதல்லவா? இந்த இரண்டையும் ஒரே குழாய்க்குள் மாறி மாறி நடத்தினால் அதுவே யந்திரம். உள்ளே ஆவியாகி உஷ்ணத்தை வாங்கும் வாயு, வெளியே அமுக்கப்பட்டு அதை உமிழ்கிறது. இப்படி இறைக்கிற யந்திரத்துக்குத்தான் மேல்நாட்டில் 'ஹீட் பம்ப்' என்று பெயர். வாயு ஓடும் திசையை ஒரு வால்வினால் திருப்பிவிட்டால், வெளியிலிருக்கும் உஷ்ணத்தை வீட்டுக்குள் இறைத்துத் தரும். கோடைக்கும் குளிருக்கும் ஒரே யந்திரம் போதும்.

இதில் இன்னொரு விசேஷம் உண்டு. உஷ்ணத்தை உண்டாக்குவது வேறு, இறைப்பது வேறு. கெய்சரிலுள்ள கம்பிச் சுருள் ஒரு யூனிட் மின்சாரத்தைத் தின்றால் ஒரு யூனிட் உஷ்ணம்தான் தரும். இறைக்கும் யந்திரமோ ஒரு யூனிட்டுக்குச் சுமார் மூன்று யூனிட் உஷ்ணத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். மாயமில்லை, மந்திரமில்லை. ஏற்கெனவே காற்றில் இருப்பதை எடுத்து வருகிறது, அவ்வளவுதான்.

ஏர்கண்டிஷனரை 'டன்' கணக்கில் விற்கிறார்களே, அது ஐஸ் கணக்கு. அமெரிக்க அளவில் ஒரு டன் ஐஸ் ஒரு நாள் முழுவதும் உருகினால் எவ்வளவு உஷ்ணத்தை விழுங்குமோ, அதுவே ஒரு டன். 1842-ல் ஃப்ரெடரிக் டியூடர் என்ற அமெரிக்க வியாபாரி சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டி, அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டுவந்து சேமித்தார். இன்றைக்கு நம் தெருவில் ஒவ்வொரு படுக்கையறையும் ஒரு ஐஸ் ஹவுஸ். ஒன்றரை டன் யந்திரம் முழு மூச்சில் ஓடினால் அது வெளியே தள்ளும் உஷ்ணம், 2,000 வாட் கெய்சர்கள் மூன்று சேர்ந்து தரும் உஷ்ணத்துக்குச் சமம். அப்படி ஒரு மணி நேரம் தள்ளினால், குழாய்த் தண்ணீர் 200 லிட்டரைக் கொதிக்கக் கொதிக்க இல்லாவிட்டாலும் குளிக்கிற பதத்துக்கு நிச்சயமாகக் காய்ச்சிவிடலாம். நாமோ அதைத் தெருவுக்குத் தானம் செய்துவிட்டுக் கெய்சர் ஸ்விட்சைப் போடுகிறோம்!

இது நேற்றுப் பிறந்த ஞானமும் அல்ல. பின்னால் கெல்வின் பிரபு என்று பெயர் வாங்கிய வில்லியம் தாம்சன், 1852-லேயே இந்த வழியில் கட்டடங்களுக்குச் சூடேற்றலாம் என்று எழுதினார். 1938-ல் ஸூரிக் நகர மண்டபத்துக்கு லிம்மத் ஆற்று நீரின் உஷ்ணத்தை இறைத்துக் கணப்பு ஏற்படுத்தினார்கள். பனி கொட்டும் நார்வேயில் இன்று பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் இந்த யந்திரம் இருக்கிறது. தண்ணீர் உறைந்துபோகும் காற்றிலிருந்தே அங்கே உஷ்ணம் எடுக்கிறார்கள். நம் மார்கழி விடியற்காலைக் காற்றில் உஷ்ணம் இல்லை என்று யாராவது சொன்னால் சிரிப்புத்தான் வரும்.

நமக்கு ஏன் இது வரவில்லை? புதிதாக எழும்பிய ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தைப் பார்க்கப் போயிருந்தேன். விற்பனை செய்யும் இளைஞர் அறை அறையாகக் காட்டினார். ஒவ்வொரு படுக்கையறைக்கும் ஏ.சி. பாயிண்ட், ஒவ்வொரு குளியலறைக்கும் கெய்சர் பாயிண்ட். "சமையலறைக்கு?" என்று கேட்டேன். "கிச்சனுக்கு யார் சார் ஏ.சி. கேக்கறாங்க?" என்று சிரித்தார்.

அவர் சிரித்ததில் நம் நாகரிகம் முழுவதும் அடங்கியிருக்கிறது. வீட்டிலேயே அதிக உஷ்ணமான இடம் அடுப்படி. அங்கே நிற்கிற பெண்ணுக்குப் புகை இழுக்கும் மின்விசிறி ஒன்றே கதி. ஆனால் ஹீட் பம்ப் வைத்துத் தண்ணீர் காய்ச்சும் யந்திரம் என்ன செய்கிறது? சுற்றியிருக்கும் காற்றின் உஷ்ணத்தை எடுத்துத் தண்ணீரில் போட்டுவிட்டு, குளிர்ந்து ஈரம் குறைந்த காற்றை வெளியே விடுகிறது. அந்தக் காற்றைச் சமையலறைப் பக்கம் திருப்பிவிட்டால் குளியலறைக்கு வெந்நீர், அடுப்படிக்குக் கொஞ்சம் ஆசுவாசம். படுக்கையறைக் குளிர் வந்துவிடாது. ஆனாலும் காலை ஏழு மணிக்குத் தோசைக்கல் முன்னால் நிற்கிறவருக்கு அந்தக் கொஞ்சத்தின் அருமை தெரியும். கட்டடம் கட்டும்போதே ஒரு குழாயும் ஒரு மூலையும் ஒதுக்கினால் முடிகிற காரியம். ஒதுக்க யாருக்கும் தோன்றவில்லை. தோன்ற வேண்டியவர்கள் அடுப்படியில் நிற்பதில்லை.

மலைமேல் இருப்பவர்களின் கதை இதைவிட மோசம். ஊட்டியிலும் கோடைக்கானலிலும் குளிர் தாங்காமல், மூடிய அறைக்குள் கரி நெருப்பு வைத்துப் படுத்தவர்கள் விஷவாயுவில் மூச்சடைத்து இறந்ததைப் பத்திரிகைகளில் படித்திருக்கிறோம். வசதியுள்ள விடுதிகளில் கம்பிச் சுருள் ஹீட்டர் மின்சாரத்தை மென்று துப்புகிறது. புகையும் நெருப்பும் இல்லாமல் மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தில் அறையைச் சூடாக்கும் யந்திரம் டில்லிக் கடைகளில் 'ஹாட் அண்ட் கோல்ட்' என்ற பெயரில் விற்கிறது. மலையூர்க்காரனுக்கு அதைச் சொல்வார் யாருமில்லை.

விலை அதிகம் என்பார்கள். உண்மை, சாதாரணக் கெய்சரைவிடப் பல மடங்கு. ஆனால் இருபது வருஷக் கடன் வாங்கி வீடு கட்டுகிறவர்கள், வரவேற்பறைக்கு இத்தாலியச் சலவைக்கல் பதிக்கும்போது எத்தனை வருஷத்தில் போட்ட பணம் திரும்பும் என்று கணக்குப் பார்ப்பதில்லையே! கணக்கு என்பது புத்திசாலித்தனமான செலவுகளுக்கு மட்டும்தானா? மாடியில் சூரிய வெந்நீர்க் கலம் வைக்கலாமே என்பவருக்கு என் முழு ஆதரவு உண்டு. மாடி அவருடையதாக இருந்தால் முதலில் அதைச் செய்யட்டும். பத்து மாடிக் கட்டடத்தில் எண்பது குடும்பங்களுக்கு ஒரே மொட்டைமாடி. திண்ணையும் முற்றமும் போதும் என்று பெருமூச்சு விடுகிறவர்களையும் எனக்குத் தெரியும். ஜன்னலுக்கு நிழலும் கூரைக்கு வெள்ளைப் பூச்சும் கட்டாயம் வேண்டும். யந்திரத்தின் பாரம் அதனால் பாதியாகக் குறைந்தாலும் ஆச்சரியமில்லை. ஆனால் பெருமூச்சினால் மே மாதத்து ராத்திரி குளிராது.

நான் யந்திரத்துக்கு விரோதியல்ல. அதைப் பாதி உபயோகித்து மீதியைப் பிறர் தலையில் கட்டுவதற்குத்தான் விரோதி. 2020-லிருந்து புது யந்திரங்களை 24 டிகிரியில் தொடங்கும்படி சர்க்கார் விதி செய்தது. நாம் உடனே 18-க்கு இறக்கிவிட்டுக் கம்பளியைப் போர்த்திக்கொள்கிறோம். அந்தக் கம்பளிச் சுகத்துக்காக வெளியே தள்ளப்படும் அனல், கீழே இஸ்திரி போடுகிறவர் முதுகிலும், காவற்காரர் நாற்காலியிலும், யந்திரம் வாங்க வழியில்லாத எதிர்வீட்டுக் கிழவி முகத்திலும் வீசுகிறது. அந்தக் கிழவி ஜன்னலைச் சாத்துகிறாள். சாத்தினால் புழுங்குகிறது. கடன் வாங்கியாவது அவள் மகன் ஒரு யந்திரம் மாட்டுகிறான். அதன் அனல் அடுத்த ஜன்னலுக்குப் போகிறது.

இனிமேல் வீடு வாங்கப் போகிறவர்கள் எத்தனை ஏ.சி. பாயிண்ட் என்று கேட்க வேண்டாம். "இந்த வீட்டு உஷ்ணம் எங்கே போகிறது?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.