எழுந்து நிற்கும் வலிமை

தகடூர் என்னும் பழம்பெயர் கொண்ட நம் தருமபுரிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. நெடுநாள் வாழ வைக்கும் என்று நம்பப்பட்ட அரிய நெல்லிக்கனி ஒன்று கைக்குக் கிடைத்தபோது, அதைத் தான் உண்ணாமல் ஔவைக்கு அளித்து மகிழ்ந்தான் இம்மண்ணை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி. அதற்காக ஔவையார் அவனை வாழ்த்திய பாடல் புறநானூற்றில் இடம்பெற்றிருக்கிறது. நீண்ட ஆயுள் அன்று மன்னருக்கும் புலவருக்கும்கூட எட்டாக் கனி. இன்றோ சஷ்டியப்த பூர்த்தியும் பீமரத சாந்தியும் சதாபிஷேகமும் காணும் தம்பதியர் நம் ஒவ்வொரு தெருவிலும் இருக்கின்றனர். ஆயுள் என்னும் கனி நம் கைக்கு வந்துவிட்டது. அதைச் சுமந்து செல்லும் உடலை எவ்வாறு பேணுவது என்பதுதான் இப்போதைய கேள்வி.

எந்தக் கோயிலிலும் இதைக் கண்கூடாகக் காணலாம். கொடிமரத்தின் முன் விழுந்து வணங்கிய பெரியவர், எழுவதற்கு இருவர் கையைத் தேடுகிறார். பிராகாரத்தில் தரையில் அமர்ந்து விஷ்ணு சகஸ்ரநாமம் சொல்லிய அம்மையார், இப்போது நாற்காலி போட்டால்தான் வருகிறார். மலைமேல் இருக்கும் தெய்வத்தை அடிவாரத்திலிருந்தே கும்பிட்டுத் திரும்புவோர் எத்தனையோ பேர். பக்தி குறையவில்லை, முழங்காலும் தொடையும்தான் ஒத்துழைக்க மறுக்கின்றன.

இதற்குப் பெரும்பாலோர் கூறும் காரணம் எடை. அதில் உண்மை இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அமைப்பும் இணைந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளிவந்தன. இந்தியாவில் வயது வந்தோருள் 100-க்கு 11 பேருக்கு நீரிழிவு. 35 பேருக்கு மேல் இரத்த அழுத்தம். ஏறத்தாழ 40 பேருக்கு வயிற்றுப் பகுதியில் மிகைக் கொழுப்பு. நம்மவர்க்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களானால் 90 சென்டிமீட்டருக்குள்ளும் பெண்களானால் 80 சென்டிமீட்டருக்குள்ளும் இருப்பது நலம் என்பது மருத்துவர்கள் வகுத்துள்ள எல்லை. வேட்டி கட்டுபவருக்கும் சேலை உடுத்துபவருக்கும் வயிறு வளர்வது எளிதில் தெரிவதில்லை. ஒரு தையல் நாடா உண்மையைச் சொல்லிவிடும்.

ஆனால் எடையைக் குறைப்பது என்றவுடன் நம்மில் பலர் கைக்கொள்ளும் வழி ஒன்றே ஒன்றுதான்: பட்டினி. எனக்குத் தெரிந்த நண்பர் ஒருவர், 70 வயதைக் கடந்தவர், இரவு உணவை அடியோடு நிறுத்தினார். காலையில் கஞ்சித் தெளிவு மட்டும். சில மாதங்களில் 9 கிலோ குறைந்தது. எல்லோரும் பாராட்டினோம். அதற்குப் பிறகுதான் அவர் படியேறும்போது தடுமாறத் தொடங்கினார். பேருந்தில் ஏறக் கைப்பிடியை இறுகப் பற்றினார். ஒருநாள் குளியலறையில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அவர் உடலிலிருந்து வெளியேறியது கொழுப்பு மட்டும் அன்று; தசையும் சேர்ந்தே போயிருந்தது.

வங்கிப் பணியில் இருந்தவனுக்கு இது எளிதாக விளங்கும். சேமிப்பில் இரு வகை உண்டு. ஒன்று, தேவைக்கு மேல் கிடக்கும் பணம். மற்றொன்று, ஆபத்துக் காலத்துக்கென வைத்த வைப்புத்தொகை. கொழுப்பு முதல் வகை. தசை இரண்டாம் வகை. நடுவயதுக்குப் பின் தசை ஆண்டுதோறும் சிறிது சிறிதாகத் தானே கரைகிறது. அதன்மேல் பட்டினியும் சேர்ந்தால், எதைத் தொடக்கூடாதோ அந்த வைப்புத்தொகையையும் உடைத்துச் செலவழிக்கிறோம் என்று பொருள்.

இதை அளந்து பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் டென்னிஸ் வில்லாரியல் என்னும் மருத்துவரின் குழு, உடல் பருத்துத் தளர்ந்திருந்த 65 வயதுக்கு மேற்பட்ட 107 பேரை ஓராண்டு கண்காணித்து, 2011-இல் முடிவுகளை வெளியிட்டது. ஒரு பிரிவினர் உணவை மட்டும் குறைத்தனர். மற்றொரு பிரிவினர் பயிற்சி மட்டும் செய்தனர். மூன்றாம் பிரிவினர் இரண்டையும் செய்தனர். நான்காம் பிரிவினர் எதையும் மாற்றவில்லை. உணவைக் குறைத்தவர்களும் இரண்டையும் செய்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு எடை இழந்தனர். ஆனால் நடத்தல், படியேறல், நாற்காலியிலிருந்து எழுதல் போன்ற செயல்திறன் உணவை மட்டும் குறைத்தவர்களுக்கு 12 சதவீதமும், பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 15 சதவீதமும், இரண்டையும் செய்தவர்களுக்கு 21 சதவீதமும் கூடியது. உணவை மட்டும் குறைத்தவர்களின் இடுப்பெலும்பு அடர்த்தி 3 சதவீதம் குறைந்தது. பயிற்சியும் சேர்ந்தபோது அந்த இழப்பு 1 சதவீதத்தோடு நின்றது.

"இந்த வயதில் இனி என்ன பயிற்சி?" என்று கேட்போருக்கு மற்றொரு செய்தி. பாஸ்டன் நகரில் முதியோர் இல்லமொன்றில் வாழ்ந்த, 90 வயதை ஒட்டிய 10 பேருக்கு 8 வாரம் கால் தசைப் பயிற்சி அளித்தார்கள். பயிற்சியை நிறைவு செய்த 9 பேரின் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் உயர்ந்தது. 1990-இல் வெளிவந்த ஆய்வு இது. தசைக்கு நம் பிறந்த தேதி தெரியாது. நாம் கொடுக்கும் வேலை ஒன்றுதான் தெரியும்.

இதற்கு உடற்பயிற்சிக் கூடம் தேவையில்லை. கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். அமர்ந்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுமையாக எழுந்து அமர முடிகிறது என்று எண்ணுங்கள். பக்கத்தில் ஒருவர் துணைக்கு நிற்கட்டும். 65 முதல் 69 வயது வரையுள்ள ஆண்கள் 12 முறைக்கும் பெண்கள் 11 முறைக்கும் குறைவாகச் செய்தால் கால் வலிமை சராசரிக்குக் கீழே என்று கொள்ள வேண்டும். 70 முதல் 74 வரை ஆண்களுக்கு 12, பெண்களுக்கு 10. எண் குறைந்தால் வருந்த வேண்டாம். அது இன்றைய இருப்பு, நாளை உயரக்கூடியது.

இந்தச் சோதனையே பயிற்சியும் ஆகும். காலை பூஜைக்கு முன் 8 முறை, சற்று இளைப்பாறி மீண்டும் 8 முறை எழுந்து அமரலாம். எழும்போது மூச்சை அடக்கக் கூடாது. அடக்கினால் இரத்த அழுத்தம் சட்டென ஏறும். அதற்கு நம்மிடம் எளிய உபாயம் இருக்கிறது. எழும்போது "நமசிவாய" என்றோ "நாராயணா" என்றோ வாய்விட்டுச் சொல்லுங்கள். நாமம் சொல்லும் வாய் மூச்சை அடக்க இயலாது.

பிள்ளையார் முன் நாம் இடும் தோப்புக்கரணமும் இதே வகையைச் சேர்ந்ததுதான். முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் முழுதும் குந்த வேண்டாம். ஒரு கை சன்னலைப் பற்றியிருக்க, வலியில்லாத அளவு மட்டும் தாழ்ந்து எழுந்தால் போதும். விநாயகர் ஆழத்தை அளந்து பார்ப்பவர் அல்லர்.

இவற்றோடு மூன்று சேர்க்கலாம். சுவரிலிருந்து ஒரு கை நீளத்தில் நின்று, உள்ளங்கைகளைச் சுவரில் ஊன்றி, உடலை முன்சாய்த்துப் பின் தள்ளுவது தோளுக்கும் கைக்கும். சமையல் மேடையைப் பற்றிக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது கெண்டைக்காலுக்கு. அதே மேடையைப் பற்றி ஒற்றைக் காலில் 10 விநாடி நிற்பது சமநிலைக்கு. உலக சுகாதார நிறுவனம் 65 வயதைக் கடந்தோருக்கு வாரத்தில் 150 நிமிடமாவது மிதமான உழைப்பும், இரண்டு நாளாவது தசைப் பயிற்சியும், மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சியும் வேண்டும் என்கிறது. 150 நிமிடம் என்று மலைக்க வேண்டாம். காலையிலும் மாலையிலும் திண்ணையிலோ மாடியிலோ 11 அல்லது 12 நிமிட நடை வாரத்தில் ஏழு நாளும் இருந்தால் கணக்கு நேராகிவிடும். வேகத்துக்கும் அளவுகோல் உண்டு: நடக்கும்போது நாமம் சொல்ல முடிய வேண்டும், கீர்த்தனை பாட முடியக் கூடாது.

இனி உணவு. இங்கே பட்டினி வேண்டாம், கணக்கு வேண்டும். நாளொன்றுக்கு மூன்று காப்பி, ஒவ்வொன்றிலும் இரண்டு சிறு கரண்டிச் சர்க்கரை என்றால் 30 கிராம். அது 120 கலோரி. ஆண்டுக்கு 43,800. ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 கலோரி என்பது பொதுக் கணக்கு. காகிதத்தில் வகுத்தால் 5 கிலோவுக்கு மேல் வருகிறது. உடல் பேரேட்டைப் போல் துல்லியமாக நடப்பதில்லை. எனவே குறைவது இதைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். எனினும் எந்தக் கதவு வழியாகச் செல்வம் சேர்கிறது என்று இந்தக் கணக்கு காட்டிவிடுகிறது.

நம் மாவட்டம் கேழ்வரகுக்கும் சாமைக்கும் பெயர் பெற்றது. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசியில் அது மிகச் சொற்பம். எலும்பு தேயும் வயதில் களி நல்ல துணை. ஆனால் ஒரு எச்சரிக்கை: கலோரியைப் பொறுத்தவரை கேழ்வரகும் அரிசியும் ஏறக்குறைய ஒன்றே. வயலில் உழைத்த நம் முன்னோர் உண்ட அளவுக் களியைத் தொலைக்காட்சி முன் அமர்ந்து உண்டால் எடை குறையாது. உருண்டையைப் பாதியாக்கி, கீரையையும் காயையும் இரட்டிப்பாக்குங்கள்.

தசைக்கு வேண்டியது புரதம். எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்குச் சுமார் 1 கிராம் புரதம் முதியோருக்குத் தேவை என்று வல்லுநர் பலர் கருதுகின்றனர். "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பது நம் பழமொழி. கொள்ளில் 100 கிராமுக்குச் சுமார் 22 கிராம் புரதம். கொள்ளு ரசம் தெளிவாக இருந்தால் போதாது. வெந்த கொள்ளும் உள்ளே போக வேண்டும். பருப்பு, மொச்சை, பால், மோர் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று மூன்று வேளையும் இலையில் இருக்கட்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டே புரதத்தைக் கூட்ட வேண்டும்.

பிரசாதத்தை மறுக்க மனம் வராது, மறுக்கவும் வேண்டாம். பிரசாதத்தின் மகிமை அளவில் இல்லை. சர்க்கரைப் பொங்கலை ஒரு விரற்கடை எடுத்துக் கண்ணில் ஒற்றி உண்டு, மீதியைக் குழந்தைகளுக்குக் கொடுத்தால் புண்ணியமும் பெருகும்.

ஏகாதசி, சஷ்டி விரதம் இருப்போருக்கு ஒரு வேண்டுகோள். நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள், மருத்துவரைக் கேளாமல் உணவை நிறுத்தக் கூடாது. சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயக்கம் வரலாம். பயிற்சியின்போது மார்பு வலி, தலைசுற்றல், மிகுந்த மூச்சுத்திணறல் எது வந்தாலும் உடனே நிறுத்தி மருத்துவரை அணுக வேண்டும். முயலாமலே எடை குறைந்தால் மகிழக் கூடாது. அது நோயின் அறிகுறியாக இருக்கலாம். முன்பே மெலிந்திருப்பவர்கள் எடையைக் குறைக்க வேண்டியதில்லை; வலிமையைக் கூட்டினால் போதும். குறைக்க வேண்டியவர்களும் அவசரப்பட வேண்டாம். 70 கிலோ உள்ளவர் ஆறு மாதத்தில் 3 அல்லது 4 கிலோ குறைத்தாலே சர்க்கரையும் இரத்த அழுத்தமும் நன்றி சொல்லும்.

வீட்டை விட்டு வெளியே வர முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. 2004-இல் நம் மாவட்டத்திலிருந்து பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்டது மக்களைத் தேடி மருத்துவம் திட்டம். பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் இல்லம் தேடி வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கின்றனர், மருந்தும் தருகின்றனர். இயன்முறை மருத்துவமும் வீட்டுக்கே வருகிறது. 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதையும் இத்திட்டம் பெற்றது. பக்கவாதத்தாலோ மூட்டு வலியாலோ முடங்கியவர் உங்கள் தெருவில் இருந்தால், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர் பெயரைச் சொல்லுங்கள். அதுவும் ஒரு தொண்டு.

அரூருக்கு அருகே தீர்த்தமலையில் வடிவாம்பிகையுடன் தீர்த்தகிரீசுவரர் எழுந்தருளியிருக்கிறார். இலங்கையிலிருந்து திரும்பிய இராமபிரான் சிவபூஜைக்கு நீர் வேண்டி அம்பெய்து வரவழைத்தது அங்குள்ள இராம தீர்த்தம் என்பது தல வரலாறு. அந்தப் படிகளை இனி ஏற முடியாது என்று முடிவு கட்டியிருக்கும் அன்பர்கள், இன்றே நாற்காலியைச் சுவரோரம் போடட்டும். நாளுக்கு 16 முறை எழுந்து அமர்ந்தால், 90 நாளில் 1,440 முறை. அதற்குப் பின் மருத்துவர் சம்மதத்தோடும் பேரப்பிள்ளைகளின் துணையோடும், நின்று நின்று எத்தனை படி இயலுமோ அத்தனை படி ஏறிப் பாருங்கள். உச்சி வரை செல்லாவிட்டாலும் குற்றமில்லை. சென்ற ஆண்டு கைகூப்பிய இடத்தைவிடப் பத்துப் படி மேலே நின்று கும்பிடும் பேறு எல்லோருக்கும் வாய்க்க எம்பெருமான் அருள் புரியட்டும்.